குண்டும் வட்டும்: காலில் தொடங்கி விரலில் முடியும் எறிதல்

குண்டு எறிதலும் வட்டு எறிதலும் கைப்பலத்தைக் காட்டும் போட்டிகள் என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் இரண்டிலும் தூரத்தைத் தருபவை கால்களும் இடுப்பும்தான். தரையை அழுத்தும் பாதத்தில் பிறக்கும் விசை முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் என்று மேலேறி, கடைசியாகத்தான் கைக்கும் விரலுக்கும் வருகிறது. இந்த வரிசை குலையாதவரை நடுத்தர உடல்வாகு உள்ள மாணவரும் நல்ல தூரம் எறியலாம். வரிசை குலைந்தால் பலசாலியின் பலமும் பாதி வீணாகும். கற்பதும் கற்பிப்பதும் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகவே.

கீழே வரும் வழிமுறைகள் வலக்கையால் எறிபவருக்கு உரியவை. இடக்கைக்காரர்கள் வலம், இடம் இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கருவியும் களமும்

குண்டின் எடை ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. 20 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 6 கிலோ, 18 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 5 கிலோ, மாணவிகளுக்கு 3 கிலோ. வட்டு ஆண்களுக்கு 2 கிலோ, பெண்களுக்கு 1 கிலோ. 20 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 1.75 கிலோ, 18 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 1.5 கிலோ.

புதிதாகக் கற்பவர் தன் பிரிவுக்குரிய எடையைவிடக் குறைவான எடையில் தொடங்குவது நல்லது. எடை கூடினால் உடல் தானாகவே குறுக்குவழி தேடும். முழங்கை தாழும், தலை ஒருபக்கம் சாயும், முதுகு பின்னால் வளையும். அப்படிப் பதிந்துவிட்ட பழக்கத்தை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

குண்டு எறியும் வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். வட்டு எறிவதற்கு 2.50 மீட்டர். பயிற்சிக்காக வரைய வேண்டுமானால், நடுவில் ஒரு முளை அடித்து அதில் கயிறு கட்டி, குண்டுக்கு 106.75 சென்டிமீட்டரிலும் வட்டுக்கு 125 சென்டிமீட்டரிலும் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடலாம். கருவி விழ வேண்டிய செக்டரின் கோணம் 34.92 டிகிரி. இதற்குக் கோணமானி தேவையில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி, ஒன்றுக்கொன்று 12 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, மையத்திலிருந்து அவற்றின் வழியாகக் கோடு இழுத்தால் சரியான செக்டர் கிடைத்துவிடும்.

வட்டத்தின் தரை வழுக்கவும் கூடாது, பாதம் திரும்ப முடியாத அளவுக்குச் சொரசொரப்பாகவும் இருக்கக் கூடாது. ஆணி வைத்த ஷூ இந்தப் போட்டிகளுக்கு ஆகாது. அடிப்பகுதி வழவழப்பான ஷூவே பாதம் சுழல இடம் கொடுக்கும்.

தூரத்தை முடிவு செய்வது எது?

கருவி கையைவிட்டுப் போகும்போது உள்ள வேகம், கோணம், உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே தூரத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் வேகமே முதன்மையானது. 2 மீட்டர் உயரத்திலிருந்து, 40 டிகிரி கோணத்தில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு ஏறத்தாழ 12 மீட்டர் போகும். அதே குண்டு 11 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 14 மீட்டரைத் தாண்டும். வேகத்தை மாற்றாமல் கோணத்தை மட்டும் 40இலிருந்து 36 டிகிரிக்குக் குறைத்தால் இழப்பு வெறும் 10 சென்டிமீட்டர்தான்.

45 டிகிரியில் எறிந்தால்தான் அதிகத் தூரம் போகும் என்பது, தரை மட்டத்திலிருந்து புறப்படும் பொருளுக்குப் பொருந்தும் கணக்கு. குண்டு தோளுக்கு மேலிருந்து புறப்படுகிறது. மேலும், மேல்நோக்கித் தள்ளத் தள்ள உடலின் விசை குறைந்துகொண்டே போகும். அதனால் நல்ல வீரர்களின் குண்டு பெரும்பாலும் 35 முதல் 40 டிகிரிக்குள்ளேயே கிளம்புகிறது. கற்பவர் கோணத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, விசையின் வரிசையில் கவனம் வைத்தால் போதும். கால்கள் சரியாக நிமிர்ந்தால் கோணம் தானே அமையும்.

குண்டு எறிதல்

கற்கும் முறை பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதலில் நின்ற நிலையில் எறியக் கற்று, அது பிடிபட்ட பிறகு வட்டத்துக்குள் நகர்ந்து வருவதைச் சேர்க்க வேண்டும். நகர்வை முதலில் கற்பவர், கடைசித் தள்ளலை அவசரத்தில் முடித்துவிடுவார்.

1. பிடி. குண்டு விரல்களின் அடிப்பகுதியில் அமர வேண்டும். உள்ளங்கையில் புதையக் கூடாது. நடு மூன்று விரல்களும் பின்னாலிருந்து தாங்கும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் பக்கங்களில் அணைகொடுக்கும். பிடியைச் சோதிக்க எளிய வழி உண்டு. மண் படிந்த குண்டை எறிந்தபின் கையைப் பார்க்க வேண்டும். தூசு விரல்களிலும் அவற்றின் அடியிலும் மட்டும் ஒட்டியிருந்தால் பிடி சரி. உள்ளங்கை நடுவிலும் அப்பியிருந்தால் குண்டு கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள்.

2. கழுத்தில் வைத்தல். குண்டைத் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே இறக்கித் தாடைக்குக் கீழே கழுத்தோடு அழுத்தி வைக்க வேண்டும். கட்டைவிரல் காறை எலும்பை நோக்கியிருக்கும். முழங்கை உடலோடு ஒட்டாமல் வெளியே விலகி, ஏறக்குறையத் தோள் உயரத்துக்கு எழும்பியிருக்கும். முழங்கை தாழ்ந்தால் குண்டு கழுத்தைவிட்டு விலகி, தள்ளுவதற்குப் பதிலாகப் பந்துபோல வீசும் நிலை வரும். விதிப்படி அது ஃபவுல். முழங்கைக்கும் தோளுக்கும் காயம் உண்டாக்கும்.

3. பவர் பொசிஷன். பாதங்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரித்து, எறியும் திசைக்கு இடத்தோள் காட்டி நிற்க வேண்டும். வலப்பாதம் வட்டத்தின் மையத்திலும், இடப்பாதம் வட்டத்தின் முன்விளிம்பில் உள்ள தடுப்புப் பலகையான ஸ்டாப் போர்டுக்கு அருகிலும் இருக்கும். இரண்டும் ஒரே கோட்டில் அமையாமல், வலக் குதிகாலுக்கு நேராக இடக்கால் விரல்கள் வரும்படி இடப்பாதம் சற்று விலகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு திரும்ப வழியிருக்காது. வலமுழங்காலை மடக்கி, எடை முழுவதையும் அதன்மேல் ஏற்றி, மேலுடலைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் மோவாய், வலமுழங்கால், வலக்கால் விரல் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் தெரியும். பயிற்சியாளர் சரிபார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

4. தள்ளுதல். முதலில் அசைவது வலப்பாதம். குதிகால் வெளிப்புறமாகத் திரும்ப, முழங்காலும் இடுப்பும் எறியும் திசையை நோக்கித் திரும்பும். அதுவரை தோள்கள் பின்னாலேயே தங்கியிருக்க வேண்டும். இடுப்பு முந்த, தோள் பிந்த, இடையில் உள்ள தசைகள் இழுபட்டு முறுக்கேறுகின்றன. அந்த முறுக்குத்தான் வேகமாக மாறுகிறது. இடக்கை அகலமாகத் திறந்து, பின் மடங்கி உடலோடு ஒட்டி நின்றுவிட வேண்டும். இடக்காலும் உறுதியாக ஊன்றி நிமிர வேண்டும். உடலின் இடப்பக்கம் இப்படிச் சுவர்போல நின்றால்தான் வலப்பக்கம் அதைச் சுற்றி வேகமாக வரும். மார்பு முன்னே வந்தபிறகே கை குண்டைத் தள்ளத் தொடங்க வேண்டும். முழங்கை கடைசிவரை குண்டுக்குப் பின்னால் இருக்கும். மணிக்கட்டும் விரல்களும் கடைசியாகச் சுண்டிவிட, உள்ளங்கை வெளிப்புறம் திரும்பிக் கட்டைவிரல் கீழே பார்த்தபடி முடியும்.

5. கிளைடு. நின்று எறிவது நிலைப்பட்டதும் இதைச் சேர்க்கலாம். வட்டத்தின் பின்விளிம்பில், எறியும் திசைக்கு முதுகு காட்டி வலக்காலில் நின்று, மெல்லத் தாழ்ந்து, இடமுழங்காலை வலமுழங்காலுக்கு அருகில் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து இடக்காலை ஸ்டாப் போர்டை நோக்கித் தாழ்வாக நீட்டி உதைக்கும்போதே, வலக்கால் குதிகாலால் தரையைத் தள்ள வேண்டும். உடனே வலப்பாதத்தை உடலுக்கு அடியில் இழுத்து, வட்டத்தின் மையத்தில், பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே திரும்பியபடி முன்பாதத்தில் இறக்க வேண்டும். இடப்பாதம் ஏறக்குறைய அதே கணத்தில் ஸ்டாப் போர்டருகே இறங்கும். இது குதிப்பு அல்ல. தரையை உரசினாற்போலச் செல்லும் நகர்வு. தலை மேலும் கீழும் ஏறி இறங்காமல் இருந்தால் நகர்வு சரியாக நடக்கிறது. தோள்கள் பின்னோக்கியே இருக்க, கண்கள் வட்டத்துக்குப் பின்னால் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி இருப்பது உதவும்.

6. கால் மாற்றுதல். குண்டு கையைவிட்டுப் போனபின் வலக்கால் முன்னே வந்து ஸ்டாப் போர்டின் உட்பக்கம் ஊன்ற, இடக்கால் பின்னே போகும். முழங்கால் மடிந்து உடல் தாழும்போது முன்னே விழாமல் நிற்க முடியும். குண்டு போவதற்கு முன்பே கால்களை மாற்றினால் தரையின் பிடி போய்விடும்; தூரமும் குறைந்துவிடும்.

முதுகு காட்டித் தொடங்கும் இந்த முறையை 1950களில் நிலைநாட்டியவர் அமெரிக்காவின் பாரி ஓ’பிரையன். அவருக்கு முன்பு வீரர்கள் பக்கவாட்டில் நின்றுதான் தொடங்கினார்கள். முதுகைத் திருப்பியதால் குண்டு விசை பெறும் பாதை நீண்டது. அவர் 1952, 1956 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். 1954இல் 60 அடியைத் தாண்டிய முதல் வீரரும் ஆனார்.

சுழன்று எறியும் முறை

வட்டு எறிபவரைப் போலச் சுழன்று வந்து குண்டைத் தள்ளுவது ரொட்டேஷன் முறை. 1976இல் சோவியத் வீரர் அலெக்சாந்தர் பரிஷ்னிகோவ் இந்த முறையில் 22 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தார். இன்றைய உலக சாதனையான 23.56 மீட்டரை அமெரிக்காவின் ரையன் க்ரௌசர் 2023இல் எட்டியதும் சுழன்று எறிந்துதான். ஆனால் கிளைடு பழையதாகிப் போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. கிழக்கு ஜெர்மனியின் உல்ஃப் டிம்மர்மான் 1988இல் 23.06 மீட்டர் எறிந்ததும், நியூசிலாந்தின் வேலரி ஆடம்ஸ் 2008, 2012 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றதும் கிளைடு முறையில்தான். சுழற்சியில் வேகம் அதிகம். அதே அளவுக்குச் சமநிலை தவறும் ஆபத்தும் அதிகம். எனவே கிளைடில் தொடங்கி, வட்டு எறிதலில் சுழற்சி கைவந்தபின் ரொட்டேஷனை முயன்று பார்ப்பது பாதுகாப்பான வழி.

வட்டு எறிதல்

1. பிடி. கையை வட்டின்மேல் விரித்து வைத்து, நான்கு விரல்களின் நுனிக்கணுக்கள் மட்டும் விளிம்பைக் கவ்வும்படி பிடிக்க வேண்டும். கட்டைவிரல் விளிம்பைப் பிடிக்காமல் வட்டின் பரப்பின்மேல் படுத்திருக்கும். விரல்களைச் சமமாக விரிக்கலாம். அல்லது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைக்கலாம். வட்டை இறுக்கிப் பிடிக்கவே தேவையில்லை. கை வீசிச் சுழலும்போது வெளிநோக்கிய விசையே அதை விரல்களோடு அழுத்தி வைத்திருக்கும். கீழே விழுந்துவிடும் என்ற பயத்தில் இறுக்குவதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் முதல் தவறு.

2. உருட்டிப் பழகுதல். வலக்கையால் சரியாக விடப்படும் வட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழலும். அதற்கு வட்டு கடைசியாக ஆள்காட்டி விரலைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். இதைப் பழக, ஒரு முழங்காலை மடக்கி நின்று, வட்டைத் தரையில் நேர்கோட்டில் முன்னோக்கி உருட்டிவிடலாம். தள்ளாடாமல் கோட்டிலேயே ஓடினால் விரல் சரியாக வேலை செய்கிறது. வட்டு சுண்டுவிரல் பக்கமாக நழுவினால் சுழற்சி தலைகீழாகிவிடும். சுழற்சி நன்றாக உள்ள வட்டு, வேகமாகச் சுற்றும் பம்பரம் போலத் தன் நிலை மாறாமல் காற்றில் மிதக்கும். சுழற்சி குறைந்த வட்டு ஆடி அசைந்து சீக்கிரமே விழுந்துவிடும்.

3. நின்று எறிதல். குண்டுக்குச் சொன்ன பவர் பொசிஷனே இதற்கும் அடிப்படை. வேறுபாடு கையில் மட்டும்தான். எறியும் கை மடங்காமல் நீண்டு, இடுப்புக்குப் பின்னால் தங்கியிருக்கும். வலப்பாதமும் இடுப்பும் திரும்பியபின், கை கடைசியாகச் சாட்டைபோல் இழுபட்டு வரும். வட்டு தோள் உயரத்தில், உள்ளங்கை கீழ்நோக்கியபடி, கையைவிட்டுப் போக வேண்டும்.

4. தொடக்க வீச்சு. வட்டத்தின் பின்பகுதியில், எறியும் திசைக்கு முதுகு காட்டி, கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, முழங்கால்களை மடக்கி நிற்க வேண்டும். வட்டை வலப்பக்கம் எவ்வளவு பின்னால் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நிதானமாக வீசிச் செல்ல வேண்டும். ஒன்றிரண்டு வீச்சுகள் போதும்.

5. சுழற்சி. எடை இடக்காலுக்கு மாற, இடமுழங்காலும் இடப்பாதமும் சேர்ந்து இடப்புறமாகத் திரும்பும். வலக்கால் தரையைவிட்டு எழுந்து, அகலமான வளைவில் சுற்றி வரும். இடப்பாதம் ஏறத்தாழ எறியும் திசையை நோக்கும் நேரத்தில் அதே காலால் தள்ளி, வட்டத்தின் மையத்தை நோக்கிப் பாய வேண்டும். வலக்கால் மையத்தில் முன்பாதத்தில் இறங்கி, நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். இடக்கால் வலமுழங்காலை ஒட்டி விரைவாகக் கடந்து முன்விளிம்பருகே ஊன்றும். இந்த நேரம் முழுவதும் வட்டு பின்னாலேயே இருக்கும். கால்கள் முந்திப் போகும். மெதுவாகத் தொடங்கி வேகமாக முடிப்பதுதான் இதன் தாளம். தொடக்கத்திலேயே வேகமெடுப்பவரிடம் முடிவில் வேகம் மிஞ்சாது.

6. முடிவு. பவர் பொசிஷனுக்கு வந்து சேர்ந்ததும் நின்று எறிந்தபோது செய்ததையே செய்ய வேண்டும். இடக்கால் ஊன்றி நிமிர, வலப்பக்கம் சுற்றி வந்து வட்டை விடும். பிறகு கால் மாற்றிச் சமநிலை பெற வேண்டும்.

சுழற்சியைக் கருவி இல்லாமலும் பழகலாம். தரையில் ஒரு கோடு போட்டு, கோட்டின்மேல் அரைச் சுற்றுகளாகச் சுழன்று போவதும், கையில் ரப்பர் வளையம் அல்லது பிளாஸ்டிக் கூம்பை வைத்துக்கொண்டு வலையைப் பார்த்து எறிவதும் சிறந்த பயிற்சிகள்.

காற்றும் வட்டும்

குண்டின் பயணத்தில் காற்றின் பங்கு மிகக் குறைவு. வட்டுக்கு நிலைமை வேறு. மிதமான எதிர்க்காற்று வட்டைத் தாங்கித் தூக்கும். பின்னாலிருந்து வரும் காற்று அதை அழுத்தி இறக்கிவிடும். வலக்கையால் எறிபவருக்கு, வலப்பக்க முன்புறமிருந்து வரும் காற்று நல்ல துணை. லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 2024இல் 74.35 மீட்டரும், 2025இல் 75.56 மீட்டரும் எறிந்து உலக சாதனை படைத்தது, காற்றுக்குப் பெயர்போன ஒக்லஹோமா மாநிலத்தின் ரமோனா களத்தில்தான். எதிர்க்காற்று இருக்கும்போது வட்டைச் சற்றுத் தாழ்வாக விட்டு, அதன் முன்விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்விளிம்பு தூக்கினால் அதே காற்று வட்டை எதிர்த்து நிறுத்திவிடும்.

அடிக்கடி காணும் பிழைகளும் திருத்தங்களும்

- குண்டு தாழ்வாகப் போகிறது: கால்கள் நிமிர்வதற்கு முன்பே கை தள்ளிவிடுகிறது. ஒரு கயிற்றை உயரமாகக் கட்டி அதற்கு மேலே போகும்படி நின்று எறியப் பழகலாம்.
- குண்டு இடப்பக்கம் விலகிப் போகிறது: தலையும் இடத்தோளும் இடப்புறம் சாய்ந்துவிடுகின்றன. இடக்கையை உடலோடு ஒட்டி நிறுத்தி, பார்வையை எறியும் திசையில் வைக்க வேண்டும்.
- கிளைடுக்குப்பின் எடை இடக்காலில் போய் விழுகிறது: வலப்பாதம் உடலுக்கு அடியில் வந்து சேரவில்லை. குண்டு இல்லாமல் கிளைடு செய்து, வலக்காலில் நின்று காட்டப் பழக வேண்டும்.
- வட்டு வலப்பக்கம் போய் விழுகிறது: இடுப்பு திரும்பி முடிவதற்குள் விடப்படுகிறது; அல்லது இடக்கால் அதிகமாக வலப்புறம் ஊன்றி இடுப்பை மறிக்கிறது.
- சுழற்சியின் தொடக்கத்திலேயே உடல் சாய்கிறது: இடக்கால்மேல் எடை முழுமையாக மாறுவதற்குள் தோள் முந்திவிடுகிறது. மெதுவாகச் சுழன்று இடக்காலில் நிற்கும் பயிற்சி தேவை.

ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்த வேண்டும். அதுவும் காலில் உள்ள பிழையிலிருந்து தொடங்க வேண்டும். கையில் தெரியும் பிழைகளில் பல, காலில் பிறந்தவையே.

ஃபவுல் ஆகாமல் எறிய

வட்டத்துக்குள் அசையாமல் நின்றுதான் தொடங்க வேண்டும். ஸ்டாப் போர்டின் உட்பக்கத்தையும், வட்டத்தைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தின் உட்பக்கத்தையும் தொடலாம். அவற்றின் மேற்பரப்பையோ வெளியே உள்ள தரையையோ தொட்டால் ஃபவுல். குண்டைத் தோள் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. கருவி தரையில் விழும்வரை வட்டத்தைவிட்டு வெளியேறக் கூடாது. வெளியேறும்போது பின்பாதி வழியாகவே போக வேண்டும். கருவி செக்டர் கோட்டின்மேல் விழுந்தாலும் ஃபவுல்தான். அளக்கும்போது, கருவி விழுந்த தடத்தில் வட்டத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளியில் டேப்பின் பூஜ்ஜியத்தை வைத்து, வட்டத்தின் மையம் வழியாக இழுத்து, வளையத்தின் உள்விளிம்பில் அளவைப் படிக்க வேண்டும்.

பாதுகாப்பு

வட்டு எறியும் இடத்தைச் சுற்றி வலைக்கூண்டு கட்டாயம். காத்திருப்பவர்கள் கூண்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எல்லோரும் எறிந்து முடித்த பிறகே கருவிகளை எடுக்கக் களத்துக்குள் போக வேண்டும். திரும்பக் கொண்டுவருவதும் கையில் எடுத்து நடந்துதான், எறிந்து அல்ல. ஈரமான கருவி நழுவும். ஒவ்வொரு முறையும் துண்டால் துடைக்க வேண்டும். தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் மூட்டுகளை நன்றாகச் சூடேற்றாமல் முழு வேகத்தில் எறியக் கூடாது.

பயிற்சியை அமைக்கும் முறை

தொடக்கக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் எறிதல் போதும். இடையிடையே ஓய்வு வேண்டும். ஒரு நாள் பயிற்சியை இப்படிப் பிரிக்கலாம்: மெதுவோட்டமும் மூட்டுப் பயிற்சியும், மெடிசின் பந்தைக் கால்களுக்கிடையிலிருந்து முன்னோக்கியும் தலைக்கு மேலாகப் பின்னோக்கியும் எறிதல், கருவியின்றிச் செய்யும் கால் பயிற்சி, நின்று எறிதல், கடைசியாக முழு முறையில் எறிதல். 20 முதல் 30 எறிதல்கள் கவனத்தோடு செய்தால் போதும். களைத்தபின் எறியும் ஒவ்வொன்றும் தவறான வரிசையைத்தான் உடலுக்குக் கற்றுக்கொடுக்கும்.

எறிதல் இல்லாத நாட்களில் ஸ்குவாட், தாண்டுதல், குறுந்தூர ஓட்டம் ஆகியவை கால்களுக்கு வேகத்தோடு கூடிய பலத்தைத் தரும். வாரம் ஒருமுறை நின்று எறிந்த தூரத்தையும் முழு முறையில் எறிந்த தூரத்தையும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு கூடிக்கொண்டே வந்தால் நகர்வின் வேகம் எறிதலில் சேர்கிறது. வேறுபாடே இல்லையென்றால் கிளைடோ சுழற்சியோ வெறும் நடையாகவே இருக்கிறது. அப்போது பவர் பொசிஷனுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும்.